சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவது

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருசமாக மனதுக்குள்ளேயே வைத்திருந்தேன். என் மகன் மின்சார வீட்டில் வேலை செய்கிறான். எழுதினால் அவன் வேலைக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், சொல்ல வந்தது வேறாகிப் போய்விடுமோ என்றும் பயம். போன மாதம் பதுளையில் ஒரு கூட்டத்துக்குப் போய் வந்த பிறகு அதைவிடப் பெரிய பயம் பிடித்துக்கொண்டது. அதனால் மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் பண்டாரவளைக்குக் கீழே இருக்கிறது. நாங்கள் குடியிருக்கிற லயத்துக்கு மேலே ஆற்றை மறித்துச் சின்னதாக ஓர் அணை கட்டி, குழாயில் தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். மழை கூடினால் அணையின் கதவைத் திறக்க வேண்டும்; அதைப் பார்ப்பதும் மகனின் வேலைதான். திறப்பதற்கு முன்னால் சங்கு, சைரன் என்கிறார்களே அது, ஊதுவார்கள். அதைக் கேட்டதும் ஆற்றோரத்தில் இருப்பவர்கள் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். சங்கைப் பூட்டியபோது ஆட்கள் வந்து லயத்தில் இதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஆனால் அது வேலை நாள். பெண்கள் எல்லாரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்களுக்குச் சங்கு என்றால் ஒன்றுதான். தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், சங்கு ஊதினால் கொழுந்து நிறுக்கும் நேரம். மலையில் எந்த மூலையில் நின்றாலும் சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு கொழுந்து மடுவத்துக்கு இறங்க வேண்டும். மடுவம் என்பது நாலு தூணும் தகரக் கூரையும் தராசும் உள்ள இடம். லொறி வர வசதியாக ஆற்றோரத்திலேயே கட்டியிருக்கிறார்கள். இரண்டாவது சங்கு ஊதினால் ஓடத்தான் வேண்டும். பிந்திப் போனால் கணக்கப்பிள்ளை அரைப் பேர்தான் போடுவார், பாதி நாள் சம்பளம் போய்விடும்.

அந்தச் சங்குக்கு ஓடியே என் முழங்கால் போனது. வேலையை விட்ட பிறகும், அது கேட்டால் வீட்டுக்குள் இருந்தபடியே எழுந்து நின்றுவிடுவேன். மருமகள் சிரிப்பாள்.

“மாமி, ஒங்கள குழியில வச்சாலும் சங்கு ஊதுனா என் சாக்கு எங்கன்னு கேப்பீங்க.”

அவள் வயிற்றில் பிள்ளையோடு இருந்த ஐப்பசி மாதம் அது. காலையிலிருந்தே மேல் மலைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. எங்கள் பக்கம் தூறல்தான். மகன் அணையில், மருமகள் ஆற்றுப் பக்கத்து மலையில். நான் அடுப்படியில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். சங்கு ஊதியது.

மழை வரப்போகிறது என்று இன்றைக்கு வெள்ளனவே நிறுக்கிறார்கள் போல என்றுதான் நானும் நினைத்தேன். அணையில் மகன் இருக்கிறான் என்று தெரிந்த எனக்கே அந்த நினைப்புத்தான் வந்தது. மறுபடி ஊதியது. பிறகு விடாமல் ஊதியது. பிறகு சட்டென்று நின்றுபோனது. அது நின்ற பிறகுதான் கிழங்கைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன்.

அங்கே நடந்ததை மகன் பிறகு சொன்னான். அந்தச் சங்கைப் பூட்டிய பிறகு அதுதான் முதல் தரம்; சொல்லிக் கொடுத்தபடிதான் அழுத்தியிருக்கிறான். அணை மேலிருந்து பார்த்தால் மலை முழுதும் தெரியும். பெண்கள் மேலே ஏறவில்லை. சாக்குகளைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாக ஆற்றை நோக்கி இறங்கினார்கள். பதறிப்போய் இரண்டாவது தரம் அழுத்தினான். அவர்கள் ஓட ஆரம்பித்தார்கள்.

“நான் அழுத்த அழுத்த அதுக வேகமா ஓடுதுகம்மா,” என்றான். “என் கையாலயே அவள ஆத்துக்குத் தள்ளுற மாதிரி இருந்துச்சு.”

கதவைத் திறக்காமலும் இருக்க முடியாது. அணைக்கு மேலாகத் தண்ணீர் வழியத் தொடங்கியிருந்தது. அவன் சங்கை நிறுத்தி, பெண்கள் மேலே ஏறியதும் கதவைத் திறக்கும்படி கூட இருந்தவரிடம் சொல்லிவிட்டு, சுவெட்டரைக் கழற்றி ஆட்டிக்கொண்டே தேயிலைக்குள் விழுந்து எழும்பி ஓடி வந்திருக்கிறான். கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. மருமகள் தற்செயலாகத்தான் மேலே பார்த்தாள். வேலை நேரத்தில் அவன் அணையை விட்டு நகரவே மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஏன் என்று விளங்காமலே தலையிலிருந்த சாக்கைக் கீழே எறிந்துவிட்டு மேலே ஏறத் தொடங்கினாள்.

கொழுந்துச் சாக்கை எறிந்துவிட்டு ஒருத்தி ஓடுவதை எங்கள் மலையில் யாரும் பார்த்ததில்லை. பாம்பு கடித்தவள்கூடச் சாக்கை இறக்கி வைத்துவிட்டுத்தான் உட்காருவாள். அதனால்தான் மற்றவர்களும் பயந்துபோய் அவள் பின்னாலேயே ஏறினார்கள். மடுவத்தில் தராசோடு நின்ற கணக்கப்பிள்ளையும் அவர்களைப் பார்த்து ஓடி வந்தார். கொஞ்ச நேரத்தில் செம்மண் தண்ணீர் வந்து மடுவத்தின் இரண்டு தூண்களையும் தராசையும் கொண்டுபோனது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கர்த்தருக்கு நன்றி.

மகன் தன் ஆபீசில் நடந்ததைச் சொன்னான். பார்ப்போம் என்றார்களாம். அதற்கு மேல் பேச அவனுக்கும் தைரியம் வரவில்லை. எங்கள் தோட்டத்தில் மட்டும் நிறுவைக்குச் சங்கு ஊதுவதை நிறுத்தினார்கள். இப்போது கங்காணி கூப்பிடுகிறார். அன்றைக்கு மருமகள் வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

போன மாதம் பதுளையில் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம். நாட்டுக்கு அணு மின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்று பேசினார்கள். மருமகளும் நானும் போனோம். கொழும்பிலிருந்து வந்த ஓர் ஐயா, நிலக்கரிப் புகையால் வருகிற நோயோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அணு மின்சாரம் பாதுகாப்பு என்றார். ஓர் ஆசிரியை, வெடித்தால் மண்ணே தலைமுறை தலைமுறைக்கும் ஆகாது, கழிவை எங்கே புதைப்பீர்கள் என்று கேட்டார். இரண்டு பேர் சொன்னதைக் கேட்டபோதும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பின் வரிசையில் ஒரு பெரியவர் முணுமுணுத்தார்.

“வெடிச்சா அவங்களுக்கு பிளேன் இருக்கு. நமக்கு பதுளை ரயிலு. அதுவும் லேட்டு.”

மூன்றாவதாகப் பேசியவர், “எதுக்கு இந்தச் சண்டை? நம்ம மலையில தண்ணி இருக்கு. தண்ணி யாரையும் எரிக்காது, யாருக்கும் புற்றுநோய் குடுக்காது,” என்றார். மண்டபமே கை தட்டியது. மருமகள் என் கையைப் பிடித்தாள்.

நான் எழுந்துவிட்டேன்.

“ஐயா, ஆபத்துன்னா எங்களுக்கு எப்படிச் சொல்லுவாங்க?”

“சைரன் ஊதுவாங்கம்மா,” என்றார் கொழும்பு ஐயா. “அணுவோ அணையோ, எல்லாத்துக்கும் அது இருக்கு.”

“அது எந்தச் சங்குன்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

சனம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “விளங்கல்ல அம்மா. கொஞ்சம் விவரமா சொல்லுங்க,” என்று மரியாதையாகவே கேட்டார். மகனின் முகம் கண்முன் வந்தது. ஒண்ணுமில்லைங்க என்று உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் முன் சீட்டில் ஒருத்தி, கூட்டத்தில் என்னைப் பார்த்தவள், திரும்பிச் சிரித்தாள். எங்கள் ஆற்றிலேயே கீழே உள்ள தோட்டத்துக்காரி.

“நல்ல கேள்வி கேட்டீங்க அக்கா. சங்குன்னா எந்தச் சங்காம். நிறுவைக்குத்தானே ஊதுவாங்க?”

“ஒங்க தோட்டத்துல இன்னமும் சங்குதானா?” என்று மருமகள் கேட்டாள்.

“பின்ன? மேல அணையில ஊதுறது சிலநேரம் கேக்கும். எங்க ஸ்டோரோன்னு நெனச்சி நாங்க பாதி வழி எறங்கிட்டுத் திரும்புவோம். ஒரே வேடிக்கை.”

அவர்களுடைய மடுவமும் ஆற்றோரத்தில்தான். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவள் சிரிப்பு நின்றுபோனது. ஆனால் அவள் ஒருத்திதானே. அவள் மலையில் எத்தனை பேர், காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் யார் அவள் பேச்சைக் கேட்பார்கள்?

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன்.

“அடுத்த மழைக்கும் நாந்தானேம்மா அழுத்தணும்,” என்றான். “எழுதுங்க.”

எது நல்ல மின்சாரம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அறிவு இல்லை. எங்கள் வீட்டிலும் லைட் எரிகிறது. ஆற்றோரத்துத் தோட்டங்களில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள், வேலை நாளில் இல்லை, பெண்கள் வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமையில். நான் எழுதியபடியே வாசியுங்கள். ஆள் செத்ததாகச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் யாராவது விசாரித்து, அது பொய் என்று கண்டுபிடித்து, மிச்சத்தையும் நம்பாமல் விட்டுவிடுவார்கள். மழைக்காலம் தொடங்கிவிட்டது. மேலே அணையில் என் பிள்ளை சங்குப் பக்கத்தில் நிற்கிறான்.