ஃபர்னஸ் பக்கத்தில் வைத்த பியர்

நகப்பூச்சு அழிக்கும் தண்ணீரின் மணம் எங்காவது வந்தால் நான் இப்போதும் மூக்கைப் பொத்திக்கொள்வேன். நான் முதலும் கடைசியுமாகக் காய்ச்சிய பியர் அப்படித்தான் மணத்தது. மணத்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நாறியது.

அண்ணன் இரண்டு வருடமாக என் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. நான் சமைத்த ஆட்டிறைச்சி வேகவில்லை என்று பத்துப் பேர் முன்னால் சொன்னார். நான் வாய்க்கு வந்தபடி ஏசி அனுப்பிவிட்டேன். பிழை என்னுடையது. மன்னிப்புக் கேட்க நா எழவில்லை. அவருக்குப் பியர் என்றால் உயிர். என் கையால் செய்து கொடுத்துச் சமாதானமாகிவிடலாம் என்று காய்ச்சும் சாமான் பெட்டி ஒன்று வாங்கினேன். ஒரு ஞாயிறு, தான் குடியிருக்கும் மிசிசாகாவிலிருந்து வருவதாக என் மனைவியிடம் போனில் ஒப்புக்கொண்டார்.

பெட்டிக்குள் இருந்த தாளில் ஒரு விஷயம் தடித்த எழுத்தில் இருந்தது. ஈஸ்ட் போட்ட பிறகு வாளியைப் பதினெட்டுப் பாகையில் வைக்க வேண்டும், இருபதைத் தாண்ட விடக்கூடாது. எங்கள் வெக்ஸ்போர்ட் வீட்டு பேஸ்மென்ட் பெப்ரவரியில் கிட்டத்தட்ட அந்த அளவுதான். சும்மா வைத்துவிட்டுப் போயிருந்தால் போதும். ஆனால் குளிர்காலத்தில் தோசை மா பொங்காவிட்டால், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பக்கத்தில் போர்வை சுற்றி வைக்கிற வீடு எங்களுடையது. பொங்க வேண்டிய எதுவும் சூட்டில்தான் பொங்கும் என்பது என் புத்தி. வாளியையும் அங்கேயே வைத்துக் கம்பளியால் சுற்றினேன்.

"இஞ்சாருங்கோ, தாளில பதினெட்டு எண்டெல்லோ கிடக்கு," என்றாள் மனைவி.

தாள் எழுதினவனுக்கு மா பொங்க வைத்துப் பழக்கமில்லை என்று அவளை மடக்கினேன். மறுநாள் மூடியில் செருகிய குழாயில் குமிழிகள் படபடவென்று வந்தன. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வாளியில் ஒட்டியிருந்த வெப்பமானிப் பட்டியைக் கம்பளி மறைத்திருந்தது. மூன்றாம் நாள் விலக்கிப் பார்த்தேன், முப்பது. ஈஸ்ட் வேலை செய்யும்போது தானும் சூடாகும் என்பதை அதற்குப் பிறகுதான் வாசித்தேன்.

போத்தலில் அடைத்து இரண்டு கிழமை கழித்து ருசி பார்த்தேன். அழுகின வாழைப்பழமும் நகப்பூச்சுத் தண்ணீரும் கலந்த நாற்றம், தொண்டையெல்லாம் எரிவு. அப்போதே கொட்டியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்ச நாள் கிடந்தால் சரிவரும் என்று என்னையே ஏமாற்றினேன். என் வறட்டுக் கௌரவத்தை நினைத்தால் அந்தப் பியரைவிட அருவருப்பாக இருக்கிறது.

சொன்ன ஞாயிறு அண்ணன் வந்தார். கிளாசில் ஊற்றிக் கொடுத்தேன். மூக்கருகே கொண்டுபோனவர் ஒரு கணம் நின்றார். பிறகு கடைசிச் சொட்டுவரை குடித்து, கண்ணில் நீர் முட்ட, நல்லாயிருக்கு என்றார். கறியில் உப்புக் குறைந்தாலே தட்டைத் தள்ளிவிடுகிற மனுஷன் அவர்.

நான் கேட்டேவிட்டேன். "அண்ணை, உது வாயில வைக்கேலாது. ஏன் குடிச்சனீங்கள்?"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "உள்ளதைச் சொன்னால் திரும்ப ரெண்டு வருசம் கதைக்கமாட்டாய். அதுக்கு இதைக் குடிச்சிடலாம்."

சொல்லிவிட்டு அடுத்ததற்குக் கிளாசை நீட்டினார். நான் போத்தலை எடுத்துக்கொண்டுபோய் சிங்கில் கவிழ்த்தேன். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அது முழுவதும் ஓடி முடியும்வரை நின்றேன். அப்போதும் மன்னிப்பு என்ற சொல் என் வாயில் வரவில்லை.