சுண்ணாம்பில்லாத கலயம்

கல்யாணமாகி அம்பத்தூருக்கு வந்த முதல் வருஷம் எனக்கு எல்லாவற்றின் மேலும் கோபம். கிணற்றுத் தண்ணீர் கரித்தது. காப்பியில் கருப்பட்டி மணம் இல்லை. என் கணவர் ரயிலடியில் குமாஸ்தா. அவரும் என்னைப் போலத் திருநெல்வேலிச் சீமைதான். ஆனால் சின்ன வயதிலேயே பட்டணத்துக்கு வந்தவர், ஊரையே மறந்தவர் மாதிரி பேசுவார். பங்குனி பிறந்ததும் நான் நச்சரிக்க ஆரம்பித்தேன். அங்கே பதநீர் இறங்கியிருக்கும், நுங்கைச் சீவிப் போட்டுப் பனையோலைப் பட்டையில் குடிப்பார்கள், ஒரு வாரம் லீவு போட்டுக் கூட்டிப் போங்கள் என்றேன். ஒரு வாய் இனிப்புத் தண்ணீருக்காக வெள்ளைக்கார துரையிடம் போய் லீவு கேட்பதா என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் காலை, கள்ளிக்குப்பத்தில் கீரை வாங்கித் திரும்பும்போது, ஏரிக்கரைப் பனையிலிருந்து ஒருவர் கலயத்தோடு இறங்குவதைப் பார்த்தேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். அவர் வாயைத் திறக்குமுன், கீழே கிடந்த பச்சை ஓலையை எடுத்து எங்கள் ஊர் வழக்கப்படி மடித்துப் பட்டையாக்கி, இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஊற்றினார். நுரை கொஞ்சம் அதிகம்தான். லேசாகப் புளிப்பு வாடையும் வந்தது. இந்த ஊர் மண்ணுக்கு இவ்வளவுதான் என்று இளக்காரமாக நினைத்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தேன். இன்னொரு பட்டையும் வாங்கிக் குடித்தேன்.

"பொம்பளைங்க யாரும் இங்க வந்து கள்ளு கேட்டதில்லம்மா," என்றார் அவர், மெதுவாக.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் பக்கம் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டுவார்கள். அது புளிக்க விடாது, காலையில் பதநீராக இறங்கும். பனையிலிருந்து ஒருவர் கலயத்தோடு இறங்கினால் அது பதநீர் என்பதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. இதையெல்லாம் அவரிடம் சொல்லி அழாத குறையாக நின்றேன். பின்னால் தண்ணீர்க் குடத்தோடு வந்த எதிர்வீட்டு அம்மாள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். அன்று நான் வீடு திரும்பிய நடையைப் பற்றி அவள் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். நேராகத்தான் நடந்தேன் என்று நான் இன்றும் சாதிப்பேன்.

சாயங்காலத்துக்குள் செய்தி ரயிலடிக்குப் போய்விட்டது. கணவர் வந்து என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார். மானமும் போச்சு, லீவும் போச்சு, இனி ஊர்ப் பேச்சையே எடுக்க முடியாது என்று நினைத்துக்கொண்டே பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன்.

மறுநாள் விடிந்ததும் அந்த மரமேறி வீட்டை விசாரித்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றார். கையில் கலயம், வாய் விளிம்பெல்லாம் வெள்ளை.

"நேத்து நீ சொன்ன மாதிரியே சுண்ணாம்பு தடவிக் கட்னேம்மா. இங்க யாரும் பதநீ கேக்கறதில்ல, அளவு மறந்துபூட்ச்சு. நல்லாகீதா பாரு."

சுண்ணாம்பு அதிகம்தான். நாக்கு வெந்தது. ஆனாலும் அதே தித்திப்பு, அசல் எங்கள் ஊர்த் தித்திப்பு. எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. எதிர்வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு அவளுக்கும் ஊற்றினேன். அவள் குடித்துவிட்டு, இதில் போதையே இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

வேலைக்குக் கிளம்பிய கணவரிடமும் ஒரு பட்டையை நீட்டினேன். வேண்டா வெறுப்பாக வாங்கினார். ஒரு வாய் குடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு செருப்பைக் கழற்றிப்போட்டு, வாசற்படியில் உட்கார்ந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார். கண் கலங்கியிருந்தது. கேலி செய்ய வாயெடுத்த நான், கலயத்தில் மிச்சமிருந்ததையும் அவர் பட்டையில் ஊற்றினேன்.

"எங்கம்மை இப்படித்தான் பட்டை பிடிச்சுத் தருவா," என்றார். "இன்னைக்கே லீவு எழுதிப் போடுதேன். ஊருக்குப் போவோம்."

துரை லீவு கொடுப்பாரா என்று யார் காத்திருந்தார்கள்? அவர் தெருமுனை திரும்புவதற்குள் நான் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கிவிட்டேன்.