ரூபன் சரிபண்ணிக் கொடுத்த லேப்டாப்

நாசி கண்டார் சோற்றுப் பொட்டலங்களோடு வீட்டுக்குள் நுழைகிறேன். சாப்பாட்டு மேசையில் அக்காவின் லேப்டாப் திறந்து கிடக்கிறது. கறுப்புத் திரை. நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் என் நண்பன் ரூபன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, ஃபோனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

"என்னடா பண்ற?"

"ரிலேக்ஸ்லா மச்சான். அக்கா லேப்டாப் ரொம்ப ஸ்லோ. ரீசெட் போட்டிருக்கேன். கொஞ்ச நேரத்துல புதுசு மாதிரி ஆயிடும்."

புதுசு மாதிரி... ஆமாம், ஆனது. கடையிலிருந்து வாங்கி வந்த அன்று அதில் என்ன இருந்ததோ, அது மட்டும்தான் மிச்சம். அதாவது, ஒன்றுமில்லை.

இது நடந்து சில மாதங்களாகிவிட்டன. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று இருந்தேன். போன வாரம் அக்கா ஒருவழியாக ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். கோபம் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ரூபனை உங்களுக்குத் தெரியாது. ஆனால் அவனைப் போல ஒருத்தன் உங்கள் சொந்தத்திலோ, ஆபீசிலோ நிச்சயம் இருப்பான். செபராங் ஜெயாவில் இருக்கிறான். வீட்டில் மூன்று திரை வைத்திருக்கிறான். ஒன்றில் கேம் ஓடும். இன்னொன்றில் அதே கேமை வேறு யாரோ ஆடுவது ஓடும். மூன்றாவது எதற்கு என்று அவனுக்கே தெரியாது. கீபோர்டு கல்யாண வீடு மாதிரி வண்ண விளக்கில் மின்னும். யாருடைய கம்ப்யூட்டரைப் பார்த்தாலும் முதலில் உதட்டைப் பிதுக்குவான். "இந்த ரேம் வெச்சுக்கிட்டு எப்படி உயிரோட இருக்கீங்க?" என்பான்.

எனக்கும் கம்ப்யூட்டர் பைத்தியம் உண்டு, மறுக்கவில்லை. சனிக்கிழமைகளில் கெலுகோரில் எங்கள் ஃபிளாட்டில் கூடுவோம். நான், ரூபன், பிறகு கல்லூரி நாளிலிருந்து நண்பனான வெய் ஷெங். மதியம் ஆரம்பித்தால் ஒரே சத்தம்தான். அன்றைக்கு ரூபன் வெறுங்கையோடு வந்திருந்தான். மௌஸும் ஹெட்ஃபோனும் மட்டும் பையில். லேப்டாப் எங்கே என்று கேட்டேன்.

ரிப்பேர் கடையிலாம்.

ஊரில் எல்லோருடைய கம்ப்யூட்டரையும் சரி பார்க்கிற மகானின் சொந்த லேப்டாப், ரிப்பேர் கடையில்! அப்போதே நான் உஷாராகியிருக்கலாம். எனக்குப் பசி. நானும் வெய் ஷெங்கும் சாப்பாடு வாங்கக் கீழே இறங்கினோம். எங்கள் தலை மறைந்ததும், இவன் ஆடுவதற்கு ஒரு மெஷின் தேடியிருக்கிறான். அக்காவின் லேப்டாப் கண்ணில் பட்டிருக்கிறது. பாஸ்வேர்ட் கேட்டிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் அதோடு மூடி வைத்திருப்பார்கள்.

"பாஸ்வேர்ட் தெரியாம எப்படிடா உள்ள போன?"

"உள்ள போகவே வேணாம்லா. வெளியிலேர்ந்தே எல்லாத்தையும் கிளியர் பண்ணலாம். ஈஸி."

அந்த ‘ஈஸி’யைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த பெருமை இருக்கிறதே... பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை தோற்றுப்போகும்.

இங்கே அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிர்மலா என்று பெயர். பகலில் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் நடத்துகிறாள். மற்ற நேரமெல்லாம் முதுகலைப் படிப்புக்கான ஆய்வு. எதைப் பற்றி? பினாங்குத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் பெண்களைப் பற்றி. விடியும் முன்னே பஸ் கீலாங், அதாவது ஃபேக்டரி பஸ், ஏறி, நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து வேலை செய்கிறார்களே, அவர்களைப் பற்றி. அவர்கள் வீடுகளுக்கே போய், உட்கார்ந்து, பேசவைத்துப் பதிவு செய்திருந்தாள். பேர் வெளியே வந்தால் வேலைக்கு ஆபத்து. அதனால் பதிவுகளை ஒரே ஒரு லேப்டாப்பில், பூட்டித்தான் வைப்பேன், வேறெங்கும் ஏற்ற மாட்டேன், யாருக்கும் அனுப்ப மாட்டேன் என்று அந்தப் பெண்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். வாக்கை அப்படியே காப்பாற்றினாள்.

அதுதான் அவள் செய்த தப்பு.

அக்கா அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். திரையைப் பார்த்தாள். ‘வணக்கம், தொடங்கலாமா?’ என்கிற மாதிரி அது அசட்டுத்தனமாக மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

"என் ரெக்கார்டிங் எல்லாம்?" என்று கேட்டாள்.

"எந்த ரெக்கார்டிங்?" என்றான் ரூபன்.

"அந்த அக்காங்க பேசினது."

"அதெல்லாம் கிளவுட்ல இருக்கும்லா அக்கா."

"இல்ல."

"இல்லையா? ஏன் வெக்கல?"

கவனித்தீர்களா? அழித்தவன் கேட்கிறான், இழந்தவளிடம்!

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுக்களையில் பிளெண்டர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா போய் நிறுத்தினார்.

"நான் கேட்டுட்டுத்தானே செஞ்சேன்! ‘அக்கா, லேப்டாப்பைச் சரி பண்ணவா’ன்னு கத்தினேன். நீங்க ‘ம்’னு சொன்னீங்க" என்றான்.

பிளெண்டரில் மசாலா அரைத்துக்கொண்டிருப்பவள் ‘ம்’ என்றாளாம். அதற்குப் பெயர் அனுமதியாம்.

வெய் ஷெங் தன் பொட்டலத்தைப் பிரிக்கவேயில்லை. அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருளைத் தன் லேப்டாப்பில் இறக்கி, அக்காவின் லேப்டாப்பைத் திருகிக் கழற்றி, இரண்டையும் இணைத்து, பொழுது சாயும்வரை போராடினான். ஒன்றும் வரவில்லை. புது மாடல் லேப்டாப்களில் அழித்தால் அழித்ததுதான், சுத்தமாகத் துடைத்துவிடும் என்றான். "சாரி, காக்" என்று அக்காவிடம் சொன்னான். காக் என்றால் மலாயில் அக்கா. அவன் ஏன் மன்னிப்புக் கேட்டான் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கேட்க வேண்டியவன் நாசி கண்டாரைத் தின்று முடித்துவிட்டு என்னிடம் மெதுவாக வந்தான்.

"மச்சான்... அக்கா லேப்டாப் இப்போ காலியாத்தானே இருக்கு? கேம் இன்ஸ்டால் பண்ணிக்கவா?"

அவனைக் கதவுவரை கொண்டுபோய் விட்டேன். மரியாதையாக அல்ல.

எழுதிய அத்தியாயங்கள் பெரும்பாலும் தப்பித்தன. அக்கா தன் மேற்பார்வையாளருக்கு அவ்வப்போது மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். ஆனால் குரல்கள் போனது போனதுதான். அவற்றிலிருந்து எழுதி முடித்திருந்தது பாதிகூட இல்லை.

அடுத்து வந்தது ஆலோசனைக் கூட்டம். சித்தி ஃபோனில், "ஒரு பென்டிரைவ்ல போட்டு வெச்சிருக்கலாம்லா?" எதிர்வீட்டு அங்கிள் லிஃப்டில், "நான் எப்பவுமே ரெண்டு காப்பி வெப்பேன்மா." டியூஷன் சென்டரில் ஒருத்தர், "டெக்னாலஜியை நம்பக் கூடாது டீச்சர்." அத்தனை பேரும் அக்காவுக்குத்தான் பாடம் எடுத்தார்கள். ரூபனை ஒருவராவது கேட்க வேண்டுமே? கேட்கவில்லை. அவன் ‘கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்’ ஆயிற்றே! நம் ஆட்களிடம் அந்தப் பட்டத்தை ஒருமுறை வாங்கிவிட்டால் போதும். எதை உடைத்தாலும் அது பொருளின் குற்றம்.

ஒரு வாரம் அக்கா டியூஷன் சென்டருக்குப் போனாள், வந்தாள். பிறகு ஒருநாள், அந்தப் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். "அக்கா, நீங்க பேசினது அழிஞ்சிடுச்சு. மறுபடியும் வரலாமா?" ஒருத்தர் நம்பரை மாற்றிவிட்டிருந்தார். இன்னொருத்தர், "கிடைக்கிறது ஒரு நாள் லீவு. அன்னிக்கே உனக்காக உக்காந்து பேசினேன். திரும்பவுமா? வேணாம்மா" என்று வைத்துவிட்டார். அவர் மேல் என்ன குற்றம்? அக்கா அடுத்த நம்பரை அழுத்தினாள். சிலர் சரி என்றார்கள்.

அவர்களில் ஒருவர் சரஸ்வதி அக்கா. தாசேக் கெலுகோரில் வீடு. பெயர்தான் எங்கள் கெலுகோர் மாதிரி. தீவைவிட்டுப் பாலம் தாண்டிப் போக வேண்டும் என்பதால் நான் காரை எடுத்தேன். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வரிசை வீடுகளில் கடைசி வீடு. வாசலிலேயே அக்கா மறுபடியும் மன்னிப்புக் கேட்டாள். அவர் சிரித்தார்.

"எல்லாம் அழிஞ்சிடுச்சா? நெசமாவா?"

"ஆமாக்கா. ஒண்ணுமே இல்ல."

"அப்பாடா... நல்லதாப் போச்சுலா!"

நாங்கள் இருவரும் விழித்தோம்.

"அன்னிக்கு நான் சொன்னதுல பாதி பொய்மா. வேலை நல்லாருக்கு, சூப்பர்வைசர் தங்கமான மனுஷன்... எல்லாம் பொய். நீ யாருன்னு எனக்கென்ன தெரியும்? போட்டுக் குடுத்திட்டா? நீ போனப்புறம் மனசே சரியில்ல. இப்போ நான் அந்த வேலைய விட்டாச்சு. நீயும் அழிஞ்சதை மறைக்காம வந்து சொல்ற. வா, உக்காரு. இப்போ நெசத்தைச் சொல்றேன்."

பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்க கொஞ்சம் கெரேத்தாலேயே இருங்க."

போய்க் காரில் இருந்தேன். வெகுநேரம் கழித்து அக்கா வந்தாள். கண் சிவந்திருந்தது. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பாலத்தில் ஏறும்போது, "நாலாவது அத்தியாயத்தை முழுசா மாத்தணும்டா" என்றாள். அத்தனை நாளில் முதல்முறையாக அவள் குரலில் உயிர் இருந்தது.

இதற்கிடையே ரூபனுக்குச் செய்தி போயிருக்கிறது. உதவுகிறானாம்! "ரெக்கார்டிங்கை ஏன் கையால டைப் பண்றீங்க? ஏஐ-ல ஏத்துனா நிமிஷத்துல எழுதிக் குடுத்திடும்லா" என்று மெசேஜ். யாருக்கும் அனுப்பக்கூடாத குரல்களை எங்கோ இருக்கிற ஒரு கம்பெனிக்கு அனுப்பச் சொல்கிறான். முடியாது என்றேன். விடுவானா? நேரிலேயே வந்துவிட்டான். அம்மா கதவைத் திறந்துவிட்டார். "சும்மா உன் குரலை வெச்சு டெஸ்ட் பண்ணிப் பாருடா" என்றான். சரி, தொலையட்டும் என்று, "பஸ் கீலாங் லேட்டா வந்துச்சு" என்று பேசினேன்.

‘பஸ் கிழங்கு லேட்டா வந்துச்சு’ என்று எழுதியது.

வெகுநாள் கழித்து அக்கா சிரித்தாள். ரூபன் சிரிக்கவில்லை. "உன் உச்சரிப்பு சரியில்லடா" என்றான். மெஷின் எப்போதும் சரி. மனிதர்கள்தான் தப்பாகப் பேசுகிறார்கள், தப்பாகப் படிக்கிறார்கள், தப்பான இடத்தில் சேமிக்கிறார்கள். ரூபன் மாதிரி ஆட்களுக்குக் கம்ப்யூட்டர் என்றால் அதன் வேகம், விளக்கு, விலை. அதற்குள் ஒருத்தர் எதையாவது வைத்திருப்பார் என்கிற எண்ணமே கிடையாது.

அக்கா ஒவ்வொரு குரலையும் காதில் மாட்டிக் கேட்டு, நிறுத்தி, தானே எழுதினாள். காலக்கெடுவைத் தள்ளிவைக்கக் கேட்டாள். கொடுத்தார்கள். புது நாலாவது அத்தியாயத்தைப் படித்த மேற்பார்வையாளர், முன்பு எழுதியதைவிட இது எவ்வளவோ மேல் என்று சொல்லியிருக்கிறார். போன வாரம் ஆய்வேட்டை அட்டை கட்டிக் கொடுத்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கோழிக் குழம்பு. வெய் ஷெங்கை அழைத்திருந்தோம். ரூபனை அழைக்கவில்லை. வந்திருந்தான். நடந்ததையெல்லாம் அம்மா ஆசையாகச் சொல்ல, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டான். கடைசியில் சொன்னான்:

"பாத்தீங்களா அக்கா? நான் மட்டும் அன்னிக்கு ரீசெட் பண்ணலன்னா, உங்க தீசிஸ் இவ்ளோ நல்லா வந்திருக்குமா?"

வெய் ஷெங்குக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டான். அக்கா மட்டும் அமைதியாகக் கேட்டாள்.

"ரூபன், நீ ஆடுற அந்த கேம்... எத்தனை வருஷமா ஆடுற?"

"ஸ்கூல்லேர்ந்து ஆடுறேன்க்கா! ஒரே அக்கவுண்ட். இந்த ரேங்க்குக்கு வர்றதுக்கு என்ன பாடுபட்டேன் தெரியுமா?"

"அது ஒருநாள் அழிஞ்சிடுச்சுன்னா?"

"அய்யோ, சொல்லாதீங்க! செத்துருவேன்லா. அதுக்குத்தான் பாஸ்வேர்டு தனி, ஃபோன் கோட் தனி, ரிக்கவரி கோடை அம்மா பீரோலகூட ஒண்ணு வெச்சிருக்கேன். யாரையும் தொடவே விட மாட்டேன்."

அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். எங்காவது ஓரத்தில் உறைக்கிறதா என்று.

ரூபன் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான். அம்மா ஊற்றினார்.