போனுக்கு ஆட்டிய தலை

அப்போது எனக்கு நாலு வயது முடிந்திருக்கும். அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு கடத்தூர் பக்கத்தில் இருக்கும் மாமா வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பாவுக்குப் பெங்களூரில் கம்பி கட்டும் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் மாமாவின் பட்டன் போனில் கூப்பிடுவார். அம்மா பேசமாட்டாள். நான்தான் பேசுவேன்.

பேசுவேன் என்பதைவிடக் காட்டுவேன் என்பதுதான் சரி. முட்டியில் பட்ட காயம், புதுக் கவுன், ஆடு போட்ட குட்டி எல்லாவற்றையும் போனுக்கு நேராகப் பிடிப்பேன். என் கண்ணில் படுவது அப்பா கண்ணிலும் படும் என்றே நினைத்திருந்தேன். அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு, இன்னும் கிட்டத்தில் காட்டு, அப்பாவுக்குச் சரியாகத் தெரியவில்லையாம் என்பாள். நானும் குட்டியின் மூஞ்சியைப் போனோடு சேர்த்து அழுத்துவேன். வீடே சிரிக்கும். யாரும் திருத்தவில்லை. திருத்திவிட்டால் அப்புறம் எதைப் பார்த்துச் சிரிப்பது?

மாமா சமாதானம் பேசிப் பார்த்தார். கடைசியில் அம்மா, பாப்பா கூப்பிட்டால் அவர் வரட்டும் என்று சொல்லிவிட்டாள். இரண்டு பேருடைய ரோஷமும் என் தலையில் வந்து உட்கார்ந்தது. மாமா அப்பாவுக்கு விஷயத்தைச் சொல்லிப் போனை என் கையில் கொடுத்தார். சொல்லிக் கொடுத்ததாக ஆகிவிடக் கூடாதே என்று தள்ளியும் போய்விட்டார். அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிலக்கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பாப்பா, அப்பா நாளைக்கு வரட்டுமா சாமி? மூணு பேரும் நம்ம வூட்டுக்குப் போயிரலாமா?"

வரட்டும் என்று தலையை ஆட்டினேன். சடை இரண்டும் கன்னத்தில் அடிக்க ஆட்டினேன்.

"சொல்லு சாமி."

இன்னும் வேகமாக ஆட்டினேன். பாப்பா, பாப்பா என்று இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார்; அதற்கும் ஆட்டினேன். பிறகு, சரி சாமி, நல்லா சாப்புடு என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் அம்மாவிடம் ஓடிப்போய், அப்பா நாளைக்கு வருது என்றேன். மறுநாள் காலையில் அம்மா தலைக்குக் குளித்தாள். எங்கள் துணிகளைப் பையில் எடுத்து வைத்தாள். மொரப்பூரில் ரயில் இறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு வரும் பஸ்கள் வந்து வந்து போயின. சாயங்காலம் பையிலிருந்த துணிகளை எடுத்து மறுபடியும் கொடியில் போட்டாள். போன் போட்டுக் கேட்கலாம் என்ற மாமாவை விடவில்லை.

"கொழந்தைகிட்டயே பொய் சொல்ற மனுசன். அவருகிட்ட என்னத்தக் கேக்கறது?"

அப்பாவும் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. அவர்கள் சேரவே இல்லை.

என் கல்யாணத்துக்கு அப்பா விருந்தாளி மாதிரி வந்தார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் இடத்தில் என்னைப் பார்த்ததும், வெகு நாளாக வைத்திருந்ததைச் சொன்னார்.

"அன்னிக்கு நீ ஒரு வார்த்த வான்னிருந்தா வந்திருப்பேன் சாமி. நீ வாயே தொறக்கல."

"தலைய ஆட்டுனேன்ப்பா" என்றேன்.

அவர் ஈரக் கையைத் துடைக்காமல் அப்படியே நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பந்தல் வாசலில் அம்மா யாரையோ வழியனுப்பிக்கொண்டிருந்தாள். போனுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு என் தலை தெரியாது என்பது மாமா வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியாது.