சுறா எண்ணெய் மணக்கும் குண்டுகள்

எங்கள் நெடுந்தீவு அருங்காட்சியகத்துக்குள் வருகிறவர்கள் முதலில் மூக்கைப் பொத்துகிறார்கள். பிறகுதான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பீரங்கிக் குண்டுகளைப் பார்க்கிறார்கள். நேற்று கொழும்பிலிருந்து வந்த ஒரு அக்கா, இங்கே கருவாடு காயப்போடுகிறீர்களா என்று என்னைக் கேட்டார். அந்த மணம் வரும்போதெல்லாம் எனக்குப் பழைய பொறுப்பாளர் அண்ணையின் முகம் நினைவுக்கு வரும்.

நான் நுழைவு ரிக்கற் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தக் கட்டடத்துக்குப் பாதி ஓடுதான் மிச்சம். இடிந்த கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு அறையைக் கட்டி, பறங்கியரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன குண்டுகளை அடுக்கி, நாடாவும் வெட்டியதோடு தன் கடமை முடிந்ததென்று தொல்பொருள் திணைக்களம் நினைத்துவிட்டது. ஓடு மாற்றக் காசு கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்று மறுமொழி வரும். மழைக்கும் உப்புக்காற்றுக்கும் பரிசீலிக்கத் தெரியாதே. இரும்பு பக்குப் பக்காக உரிந்தது. காலையில் அந்தத் துருவைக் கூட்டி அள்ளுவதுதான் அண்ணையின் முதல் வேலை.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் மாதா கோயில் வாசலில் நின்று, கூரை போடும்வரை வீட்டுக்கு ஒரு குண்டை நனையாமல் வைத்திருக்கும்படி மீன்பிடிக் குடும்பங்களைக் கேட்டார். சட்டப்படி அது பெரிய பிழை. சனங்களோ மறுபேச்சில்லாமல் தூக்கிப் போனார்கள். பூசைக்கு வராத வீடுகளின் பங்கு மட்டும் அறையிலேயே கிடந்தது.

பிறகு ஒரு நாள் அறிவித்தல் வந்தது. அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார். நிலைமை மோசமென்றால் அருங்காட்சியகத்தைப் பூட்டி, எல்லாவற்றையும் நகரத்துக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோவார்கள். தன் வேலை போவதைப் பற்றி அண்ணை கவலைப்படவில்லை. "இது இஞ்சத்தைச் சாமான், பிள்ளை. தீவை விட்டுப் போனால் திரும்பி வராது" என்றுதான் புலம்பினார்.

அதிகாரி வந்த அன்று கச்சான் காற்று. படகு ஆடிய ஆட்டத்தில் வாந்தி எடுத்து, முகம் வெளிறி வந்து சேர்ந்தார். அதற்கு முன்பே சனங்கள் குண்டுகளைச் சாக்குகளில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். வள்ளத்துக்குச் சுறா எண்ணெய் பூசும்போதெல்லாம், கையில் மிஞ்சியதைக் குண்டுக்கும் பூசியிருக்கிறார்கள். பெரிய மனிதர் வருகிறார் என்று மரியாதைக்கு முதல் நாள் இன்னொரு பூச்சு வேறு. அதிகாரி உள்ளே கால் வைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டு யன்னலுக்கு ஓடினார். "முடிஞ்சுது" என்றார் அண்ணை, என் காதோடு.

திரும்பி வந்த அதிகாரி லேஞ்சியால் மூக்கை மூடியபடி ஒரு குண்டைத் தடவினார். கறுத்து, வழவழவென்று இருந்தது. அறையிலேயே கிடந்த ஒன்றைத் தொட்டார். அது அவர் கையோடு உரிந்து வந்தது. மற்றவை எங்கே இருந்தன என்று கேட்டார். அண்ணை மறைக்கவில்லை.

"வீடு வீடாய்க் குடுத்து வைச்சனான், சேர். பிழை என்ரைதான்."

அதிகாரி நெடுநேரம் கையைத் துடைத்தார். "திணைக்களம் வைச்சிருந்தது உதிருது. சனம் வைச்சிருந்தது இருக்கு. நான் என்னெண்டு இதைக் கொண்டுபோறது? இஞ்சையே இருக்கட்டும்."

அண்ணை பொத்தென்று கதிரையில் இருந்துவிட்டார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு இரண்டும் வந்தது. கூரைக் காசு அதற்குப் பிறகும் இழுபட்டுத்தான் வந்தது. ஆனாலும் வந்தது.

இப்போது பொறுப்பாளர் நான். துருவுக்கு அனுப்புவதாகத் திணைக்களம் சொன்ன மருந்து பரிசீலனையில் இருக்கிறது. வள்ளத்துக்கு எண்ணெய் பூசும் நாட்களில் சனங்கள் மிச்சத்தைச் சிரட்டையில் கொண்டுவந்து தருகிறார்கள்; நான் குண்டுகளுக்குப் பூசுகிறேன். கனடாவில் மகளோடு இருக்கும் அண்ணை தொலைபேசி எடுத்தால், சுகம் விசாரிக்கும் முன்னரே கேட்பது இதைத்தான்.

"பிள்ளை, மணக்குதோ?"

"ஓம் அண்ணை, உள்ளுக்கை நிக்க ஏலாது" என்பேன். மறுமுனையில் அவர் ஆறுதலாக மூச்சு விடுவது கேட்கும்.