அத்தையின் கன்னத்துக் கோடு

அந்தத் தீபாவளிக்கு அத்தை கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து கன்னத்தில் ஊதா மையால் போட்ட ஒரு கட்டத்தோடு வந்து இறங்கினார். லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள்; நானும் சிரித்தேன்.

அத்தை அப்பாவின் அக்கா. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். வெற்றிலை இல்லாமல் மலை ஏறமாட்டார். வாய்க்குள் வந்த ஆறாத புண்ணுக்குத் தோட்டத்து மருந்துக்காரர் மாதக்கணக்கில் சிவப்புத் தண்ணீர் கொடுத்தார். காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் அதே சிவப்புத் தண்ணீர்தான். தோட்டத்து மேலாளரான துரையின் பங்களாவிலிருந்து ஆள் வந்தால் மட்டும் நல்ல மருந்து இருக்கும் பூட்டிய அலமாரி திறக்கும். கடைசியில் கண்டியில்தான் புற்றுநோய் என்று சொல்லி, கரண்டு, அதாவது கதிர்ச் சிகிச்சை, வைக்கத் தொடங்கினார்கள். மெஷினின் கதிர் அந்தக் கட்டத்துக்குள் மட்டுமே விழவேண்டுமாம். எல்லாம் முடியும்வரை கோடு அழியக்கூடாது. எண்ணெயும் தண்ணீரும் படவே கூடாது.

தீபாவளி விடியலில் அம்மா நல்லெண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவந்தார்.

“நல்ல நாளும் அதுவுமா தலைக்கு எண்ணெ வைக்காம இருக்கலாமா மதினி? கோடு அழிஞ்சா நம்மளே வரஞ்சிக்கலாம்.”

நான் என் ஊதாப் பென்சிலோடு தயாராக நின்றேன்.

அத்தை கிண்ணத்தை வாங்கி எண்ணெயைப் பாதத்தில் பூசிக்கொண்டார். “தீவாளி காலோட நிக்கட்டும்.”

புண்தான் ஆறி வருகிறதே, இனி எதற்கு இந்த அலைச்சல் என்று அப்பாவும் மெல்ல இழுத்தார்.

“ஆறினாலும் டாக்டரம்மா சொன்ன கணக்க முடிச்சிட்டுத்தான்டா வருவேன்” என்றார் அத்தை.

மறுநாள் திரும்பவும் கண்டி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நல்ல மழை. கம்பளியைத் தலையோடு போர்த்தி, கன்னத்துக்கு நேரே எங்கள் சோற்றுத் தட்டைப் பிடித்துக்கொண்டு அத்தை நடந்தார். கூடப்போன எனக்கு மானம் போனது.

“வெக்கமா இல்லையா அத்தை?”

“என்னா வெக்கம்? மெஷினு வாசல்ல எனக்குப் பின்னாடி ஒரு தொரசாணி உக்காந்திருக்காங்க. அவங்களுக்கும் இதே கோடுதான். அவங்களும்தான் மூஞ்சி கழுவல.”

சொல்லும்போது அத்தையின் முகத்தில் அப்படியொரு பெருமை. யாரோ ஒரு துரையின் மனைவி முகம் கழுவாததில் இவருக்கு என்ன சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். சிவப்புத் தண்ணீர் குடித்தே காலம் தள்ளியவருக்கு, பங்களாவுக்குக் கொடுப்பதையே தனக்கும் கொடுக்கும் ஓர் இடம் அப்போதுதான் கிடைத்திருந்தது. அதை மழையில் கரையவிட அவர் தயாராக இல்லை என்பது எனக்கு அந்த வயதில் விளங்கவில்லை.