மூக்கோரத்து அம்மை

மூக்கோரத்தில் நாலைந்து கொப்புளம் வந்தபோதே அது என்னவென்று எனக்குத் தெரியும். போன வருடமும் அதே இடத்தில் வந்தது. உடைந்து, காய்ந்த தேன் ஒட்டியதுபோல் மஞ்சளாகப் பொருக்குத் தட்டியது. தோலில் கீறல் இருந்தால் பாக்டீரியா புகுந்துவிடும், தொட்டால் பரவும், துண்டைத் தனியாக வையுங்கள் என்று சொல்லி கிளினிக்கில் களிம்பு கொடுத்தார்கள். மூக்கு நோண்டுகிறவன் நான்; கீறலுக்குப் பஞ்சமில்லை.

இந்த முறை என் மனைவி முந்திக்கொண்டாள். சுங்கை சிப்புட் ஊருக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் வளர்ந்தவள். பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா வந்திருக்குங்க. வேலைக்குப் போவாதீங்க லா."

அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னைக் கெடுத்தது. தொழிற்சாலை சூப்பர்வைசருக்குப் போட்டோ அனுப்பினேன். "வராதீங்கண்ணே, எங்க வீட்டுல சின்னப் புள்ள இருக்கு" என்று உடனே பதில். என் வீட்டிலும் மூன்று வயதில் ஒருத்தி இருக்கிறாள். அது எனக்கு உறைக்கவில்லை.

வாசலில் வேப்பிலை ஏறியது. வீட்டில் மீன் நின்றது. பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். கல்யாணத்தன்றுகூட எனக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை. இளநீரைக் குடித்துக்கொண்டு சாமியாகப் படுத்து டிவி பார்த்தேன். பழைய களிம்பை மட்டும் குளியலறையில் ஒளிந்து பூசிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மகளின் தாடையில் அதே மஞ்சள் பொருக்கு. குளித்தால் என் துண்டில்தான் முகம் துடைப்பாள். சாயங்காலம் உடம்பு சுட்டது.

"கிளினிக் போலாம்" என்றேன்.

"என்ன பேச்சுங்க இது? அம்மா வீட்டுல இருக்கறப்ப மருந்தா? எஸ்டேட் கோயில்ல கூழு ஊத்துறேன்னு வேண்டியிருக்கேன். தானா இறங்கிரும்."

பிள்ளை சொறிந்து சொறிந்து அழுதாள். காதோரம் இன்னொன்று சிவந்திருந்தது. அதற்கு மேல் என்னால் சாமியாக இருக்க முடியவில்லை.

"அம்மா இல்ல இது. கிருமி. போன வருஷம் வந்துச்சே, அதேதான். லீவு கிடைக்குதேன்னு வாய மூடிக்கிட்டேன்."

அவள் திட்டவில்லை. "அந்த மருந்து இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். ஓடிப்போய் எடுத்து வந்தேன். கடைசித் துளிவரை நானே பிதுக்கியிருந்தேன்.

கிளினிக்கில் டாக்டரம்மா ஆன்டிபயாடிக் எழுதிக்கொண்டே, "வீட்டுல வேற யாருக்காச்சும் இருந்துச்சா?" என்றார்.

"இந்தச் சாமிக்குத்தான்" என்று மனைவி என்னைக் காட்டினாள். டாக்டரம்மா சிரித்தார். வழக்கமாக முதலில் சிரிக்கிறவன் நான்.

ஒரு வாரத்தில் பிள்ளைக்கு ஆறியது. ஆனால் வேண்டுதலை மனைவி விடவில்லை. கூழை மட்டும் நான்தான் காய்ச்ச வேண்டும் என்றாள். எஸ்டேட் கோயிலில் வியர்க்க வியர்க்கக் கிண்டிக்கொண்டிருந்தேன். கிண்ணத்தை நீட்டிய ஒருவர் கேட்டார்: "யாருக்குண்ணே அம்மா வந்துச்சு?"

"யாருக்கும் வரல."

"பின்ன எதுக்குக் கூழு?"

மனைவி என் பதிலுக்காகக் காத்திருந்தாள். நான் அவர் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினேன்.